முழுக்கட்டைத் துப்பாக்கி

டெல்பர்ட் ரான் தன் ஓட்ஸ் வயலிலேயே மல்லாந்து கிடந்தார். தொப்பி ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம். நெஞ்சுக்கு நடுவில் ஒற்றை ஓட்டை. கண் இரண்டும் திறந்தே இருந்தன. சுட்டவனை நேருக்கு நேர் பார்த்துவிட்டுத்தான் மனிதர் போயிருக்கிறார்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. அண்ணனை இன்னும் காணோமே என்று தேடிப்போன மில்ட்டன்தான் முதலில் பார்த்தார். இடுப்பில் தொங்கிய மாட்டுக்கொம்பை எடுத்து மூன்று தரம் ஊதினார். பன்றி விழுந்தால் ஒரு தரம் ஊதுவார்கள், வேட்டை முடிந்தால் இரண்டு தரம். மூன்று தரம் ஊதி ஸ்டைன்பாக் ஊரில் யாரும் கேட்டதில்லை. மேலே வேட்டைச் சங்கத்துக் கொட்டகையில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் குவளையைக் கீழே வைத்தார்கள்.

ஷெரிஃப் எல்டா ரீமர் வந்து இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வயது ஐம்பத்தெட்டு. பருத்த உடம்பு, சின்னக் கண். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுவிட்டு நம்பாமல் விடுகிற கண். அவளோடு வந்த டெபுட்டி கந்தூ தெற்கே எல்லைப் பக்கத்து ஆள். இந்த மேட்டு நாட்டு ஜெர்மன்காரர்களின் சங்கதி அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

எல்டாவுக்கு எல்லாம் பிடிபட்டதுதான். அவளே அந்தக் கூட்டத்தில் பிறந்தவள்.

டெக்சஸில் காட்டுப்பன்றி சுடாதவன் யார்? ஒரு ராத்திரி இறங்கினால் வயலையே உழுது போட்டுவிட்டுப் போகிற சாதி அது. மற்ற ஊர்க்காரர்கள் இருட்டில் தெரிகிற கண்ணாடி, ஹெலிகாப்டர் என்று என்னென்னவோ வைத்துச் சுடுகிறார்கள். ஸ்டைன்பாக்காரர்கள் அதை வேட்டை என்றே சொல்லமாட்டார்கள், எலி மருந்து வைக்கிற வேலை என்பார்கள். அவர்களுடைய சங்கத்துக்குப் பெயரே பழைய இரும்புச் சங்கம். கையில் ஜெர்மன் பட்டாளத்து மவுசர் துப்பாக்கி. முனையில் நெல் பருமன் இரும்பு முள், அதுதான் குறி. தோட்டாவும் பட்டாளத்துப் பழைய தோட்டாதான், பெட்டி பெட்டியாகக் கொட்டகையில் கிடக்கும். ஒரு பன்றிக்கு ஒரு தோட்டா. இரண்டாம் உலகப் போரில், வீட்டில் ஜெர்மன் பேசி வளர்ந்த பையன்கள் அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்து, ஜெர்மன்காரனோடு சண்டை போட்டு, அவன் துப்பாக்கியையே பிடுங்கிக்கொண்டு கடல் தாண்டி வந்தார்கள். அந்தத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் கூன் விழுந்த கிழவனும் நிமிர்ந்து நிற்பான். அன்று காலையிலும் அப்படித்தான், ஏழு பன்றி, ஏழு தோட்டா. எட்டாவதுதான் தப்பியது.

சங்கத்தில் இரண்டு பழக்கம் உண்டு. முதலாவது கொதிநீர். அந்தப் பழைய தோட்டா மருந்தில் உப்பு இருக்கிறது. சுட்ட அன்றே குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவாவிட்டால் விடிவதற்குள் உள்ளே சிவப்பாகத் துரு பூத்துவிடும். கொட்டகை அடுப்பில் செம்புக் கெண்டி எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். துப்பாக்கி குடித்த பிறகுதான் ஆள் குடிக்கலாம்.

இரண்டாவது மெழுகு. போர் முடிந்து கப்பலேறியவர்கள், துணிப்பைக்குள் அடங்க வேண்டுமே என்று துப்பாக்கியின் மரக்கட்டையை நடுவளையத்துக்கு அடியில் ரம்பம் போட்டு அறுத்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு துண்டையும் ஒட்டி, வளையத்தை மேலே ஏற்றி மறைத்தார்கள். அந்த அறுவாயில் கொதிநீர் இறங்கினால் மரம் ஊதிப் பிளந்துபோகும். ஆகையால் கழுவும் முன்னால் வளையத்தைச் சுற்றித் தேன்மெழுகு தேய்ப்பார்கள். அறுபடாத முழுக்கட்டைக்கு மெழுகு வேண்டியதில்லை.

சங்கத்திலேயே முழுக்கட்டை ஒன்றே ஒன்று. டோப்லர் வீட்டுத் துப்பாக்கி. மெழுகு தேய்க்கிறவர்களைப் பார்த்து டோப்லர் வீட்டார் மூன்று தலைமுறையாகச் சிரித்து வந்தார்கள். எல்டாவின் அப்பா மெழுகு தேய்த்தவர். அந்தச் சிரிப்பு அவளுக்கும் பழக்கம்.

பெரிய வறட்சி வந்த வருஷம் ஹில்மார் டோப்லர் அந்தத் துப்பாக்கியை டெல்பர்ட் ரானுக்கு விற்றார். டெல்பர்ட் அதைச் சுடவே இல்லை. கண்ணாடி போட்ட அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். போன கிறிஸ்துமஸுக்கு மருமகன் ரொகேலியோ கையில் கொடுத்துவிட்டார்.

டெல்பர்ட் கிடந்த இடத்துக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் ஒரு கல்சுவர். அதன் பின்னால் புல் மிதிபட்டிருந்தது. கந்தூ குனிந்து ஒரு வெற்றுத் தோட்டாக் கூட்டை எடுத்தார். பச்சை வார்னிஷ் பூசிய இரும்புக் கூடு. பட்டாளத்துப் பழைய சரக்கு. கூட்டின் அடியில் துப்பாக்கியின் ஊசி குத்திய தடம் நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

மில்ட்டன் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இந்த ஊர்ல இடது பக்கம் கொத்துற துப்பாக்கி ஒண்ணுதான் எல்டா," என்றார். "டோப்லர் முழுக்கட்டை. இப்ப அது யார் கைல இருக்குன்னு உனக்கே தெரியும்."

மூன்று மணி வாக்கில் ஒரு வெடிச்சத்தம் கேட்டதாக எல்லாரும் சொன்னார்கள். யாரும் எழுந்து பார்க்கவில்லை. காலையில் அடிபட்டு ஓடிய பன்றியைத் தேடித்தான் டெல்பர்ட் துப்பாக்கியோடு இறங்கிப் போயிருந்தார், அதை முடித்துவிட்டார் என்று நினைத்து அடுத்த குவளையை ஊற்றிக்கொண்டார்கள். எல்டா டெல்பர்ட்டின் துப்பாக்கியைத் திறந்து பார்த்தாள். தோட்டா உள்ளேயே இருந்தது.

மாலை ஐந்தரை. கொட்டகை.

துப்பாக்கிகள் வரிசையாகச் சட்டத்தில் சாய்ந்திருந்தன. பீர் திறந்த பிறகு துப்பாக்கி கையில் இருக்கக்கூடாது என்பது சங்கத்து விதி. முழுக்கட்டையும் அங்கேதான் இருந்தது. எல்டா குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கண்ணாடிபோல இருந்தது. அதைத் துணியில் சுற்றிக் கந்தூவிடம் கொடுத்தாள். கைரேகை பார்க்கிறவர்களை நம்பிப் பயனில்லை. காலையிலிருந்து அதைத் தொட்டுப் பார்க்காதவன் சங்கத்தில் இல்லை.

ரொகேலியோ சலினாஸ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சான் அன்டோனியோக்காரன், டிராக்டர் மெக்கானிக். தடித்த மூக்குக்கண்ணாடி. அந்தக் கூட்டத்தில் அவனுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது.

"காலைல எத்தனை தடவ சுட்டீங்க?"

"ஒண்ணுதான். வயித்துல பட்டு ஓடிருச்சு. முள்ளு எனக்குச் சரியாத் தெரியல, ஷெரிஃப்."

"என்ன தோட்டா?"

"கடைல வாங்கின புதுசு. அதுக்குத்தான் இவங்க என்னைக் கேலி பண்றாங்க."

"கழுவினீங்களா?"

"புதுசுல உப்பு கிடையாதே. எண்ணெய்த் துணிய விட்டு ஒரு இழுப்பு. அந்தக் கெண்டிய நான் தொட்டதே இல்ல."

"கட்டை பளபளன்னு இருக்கு."

"நேத்து ராத்திரி ஆளிவிதை எண்ணெய் போட்டேன். வேட்டைக்கு வர்றோம், பாக்க லட்சணமா இருக்கட்டும்னு."

"மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"ஓடைக்கு அந்தாண்ட. ரத்தச் சொட்டப் பாத்துக்கிட்டே போனேன். கைல கத்தி மட்டும்தான்."

"துப்பாக்கி எடுக்கலையா?"

ரொகேலியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"மாமா வேணாம்னுட்டாரு. குருடன் கைல துப்பாக்கி எதுக்கு, கத்திய எடுத்துக்கிட்டுப் போய்த் தேடுன்னாரு. இத்தனை பேர் முன்னால."

கந்தூ எல்டாவைப் பார்த்தார். இதைவிட என்ன காரணம் வேண்டும் என்று அந்தப் பார்வை கேட்டது. ஓடைக்கு அப்பால் அவனைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

வாசல் தூணில் சாய்ந்து வெர்லீன் நின்றிருந்தாள். டெல்பர்ட்டின் ஒரே மகள், ரொகேலியோவின் மனைவி. அழுது ஓய்ந்த முகம். புருஷனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அவனும் அவள் பக்கம் போகவில்லை. எல்டா வெளியே வந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பாவப் புதன்கிழமை எடுக்கிறோம். இவரு பெட்டியத் தொடக்கூடாதுன்னு சித்தப்பா சொல்லிட்டாரு. தொடலாமா கூடாதா, அத மட்டும் எனக்குச் சொல்லுங்க எல்டாக்கா. தொடக்கூடாதுன்னா நான் அந்த வீட்டுல எப்படி இருக்கிறது?"

எல்டா அவள் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு நகர்ந்தாள். தெரியாததைச் சொல்லி ஆறுதல்படுத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மில்ட்டனை விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. ரொகேலியோவுக்கு இரும்பு முள் தெரியவில்லை என்பதால் துப்பாக்கியில் தொலைநோக்குக் கண்ணாடி பொருத்துவதாகப் பேச்சு. திங்கட்கிழமை துப்பாக்கிப் பட்டறைக்குப் போக வேண்டியது. பழைய கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரும்பில் நாலு துளை போட்டு, பிளாஸ்டிக் கட்டை மாட்டப் போகிறார்கள். டெல்பர்ட் சரி என்று சொன்னதோடு நிற்கவில்லை. சங்கத்து விதியையே மாற்றிவிடுகிறேன் என்று மதியச் சாப்பாட்டில் எழுந்து நின்று சொன்னார். பாதிப் பேர் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்களாம்.

"நீங்களும் எந்திரிச்சீங்களா?" என்று எல்டா கேட்டாள்.

"நான்தான் மொதல்ல எந்திரிச்சேன்," என்றார் மில்ட்டன். "அண்ணன்னா என்ன, அநியாயம் அநியாயம்தான். அதுக்காக யாரும் அண்ணன சுட மாட்டான்."

அண்ணனைச் சுட்ட தம்பிகளை எல்டா பார்த்திருக்கிறாள். ரான் வீட்டு நிலம் பெரியது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஹில்மார் டோப்லர் சுட்ட சாசேஜைப் பலகையில் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தார். யாரும் சாப்பிடப் போவதில்லை, ஆனாலும் நறுக்கினார். அறுபது தாண்டிய வயது, நாணல் மாதிரி நேரான முதுகு, வெள்ளை மீசை. மதியத்திலிருந்து அடுப்படியில்தான் இருந்தேன் என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஆனால் பீர் குடிக்கிறவன் சொல்கிற "ஆமாம்" எத்தனை தூரம் நிற்கும்? விறகுக்குப் போனாரா, தண்ணீருக்குப் போனாரா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை.

கண்ணாடி பொருத்தப் போவது பற்றிக் கேட்டதற்கு, "வித்த மாடு எந்தக் காட்டுல மேஞ்சா எனக்கென்ன," என்றார் ஹில்மார்.

பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டோப்லர் வீட்டார் நிறுத்துவதில்லை. அவருடைய தாத்தா, அவர் ஓபா என்றுதான் சொல்வார், ஒரு பண்ணை வீட்டுக்கு வெளியே நின்று ஜெர்மன் மொழியில் நாலு வார்த்தை பேசியே உள்ளே இருந்த எதிரிகளை எல்லாம் கையைத் தூக்க வைத்தவர். அதற்குப் பரிசாகத்தான் கேப்டன், "டோப்லர், உன் துப்பாக்கிய அறுக்க வேணாம், தோள்ல மாட்டிக்கிட்டே கப்பல் ஏறு," என்றாராம்.

"மத்தவனெல்லாம் விறகு மாதிரி அறுத்துப் பைல போட்டுக்கிட்டு வந்தான்," என்றார் ஹில்மார். "எங்க ஓபா மட்டும்தான் முழுசா கொண்டாந்தாரு. தப்பா நினைக்காத எல்டா, உங்க வீட்டையும் சேத்துத்தான் சொல்றேன்."

"எனக்கு மெழுகு வாசனை பிடிக்கும்," என்றாள் எல்டா. "ஆமா, உங்க துப்பாக்கிய இந்தக் கொட்டகைல கழுவி நான் பாத்ததே இல்லையே."

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் அதுக்கு ஒத்துக்கும். அப்பா காலத்துலேருந்தே அப்படித்தான்."

"அப்படியா," என்றாள் எல்டா.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஷெரிஃப் அலுவலகம்.

கந்தூ கைது உத்தரவுக்கான தாளை மேசையில் வைத்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எல்டா அதைத் தள்ளி வைத்துவிட்டு முழுக்கட்டையைத் துணியிலிருந்து எடுத்தாள். குழலுக்குள் வெள்ளைத் துணியை விட்டு இழுத்தாள். துணி வெள்ளையாகவே வந்தது.

"இதுல பழைய தோட்டாவ சுட்டிருக்காங்க," என்றாள். "சுட்டு ஒரு ராத்திரி போயிருச்சு. கழுவாம விட்டிருந்தா இந்நேரம் துணி செங்கல் கலர்ல வரணும். வெறும் எண்ணெய்த் துணிக்கு அந்த உப்பு போகாது. கொதிநீர் ஊத்தியிருக்காங்க."

"கழுவிட்டு மறைச்சிருக்கான்," என்றார் கந்தூ.

"தோட்டாக் கூட்ட சுவருக்குப் பின்னால போட்டுட்டுக் குழல மறைச்சானா? அந்தக் கூடு நம்மள நேரா இந்தத் துப்பாக்கிகிட்ட கூட்டிட்டு வருது. போட்டவன் அதுக்குன்னே போட்டிருக்கான். அப்படிப்பட்டவன் குழல் அழுக்கா இருக்கட்டும்னுல்ல விட்டிருக்கணும்? நாம பாத்ததும் மாட்டிக்கிற மாதிரி?"

கந்தூ யோசித்தார். "அப்புறம் எதுக்குக் கழுவினான்?"

எல்டா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். எண்ணெய் போட்ட கட்டை வழவழவென்று ஓடியது. நடுவளையத்தின் ஓரத்தில் விரல் நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நகத்தால் சுரண்டி ஒரு துணுக்கை வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சளாக, தூசி படியாமல் இருந்தது. தேன்மெழுகு.

திருப்புளியை எடுத்து வளையத்தைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி இறுக்கினாள். கந்தூவிடம் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் எடுத்தார், ஆனால் எதை எடுத்தோம் என்று அவருக்குப் புரியவில்லை. உத்தரவுத் தாளை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை. கொட்டகை.

எல்டா சங்கத்து ஆட்கள் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தாள். மில்ட்டன் வந்தார், ஹில்மார் வந்தார். ரொகேலியோ ஓரமாக நின்றான். வெர்லீன் அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத இடத்தில் நின்றாள். மேசையின் மேல் முழுக்கட்டை படுத்திருந்தது. பக்கத்தில் செம்புக் கெண்டி.

குழல் சுத்தமாக இருந்த கதையை எல்டா சுருக்கமாகச் சொன்னாள்.

"அவன்தான் கழுவியிருக்கான்," என்றார் மில்ட்டன். "இதக் கண்டுபிடிக்க ஷெரிஃப் வேணுமா?"

"கெண்டியத் தொடாதவன் கழுவினான்னு சொல்றீங்க. சரி, வச்சுக்குவோம். எப்படிக் கழுவியிருப்பான்? மருமகன்தான, பழக்கம் இல்ல. மேலாக்க ஊத்தியிருப்பான். இப்படி."

கெண்டியின் கைப்பிடியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். குழலின் வாயை விட்டுவிட்டு, நேராக நடுவளையத்தின் மேல் மூக்கைச் சாய்த்தாள்.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கிழட்டுக் கை, ஆனால் இரும்புப் பிடி.

"அங்க ஊத்தாத," என்றார் ஹில்மார்.

எல்டா அசையவில்லை. "ஏன்?"

ஹில்மாரின் பிடி தளரவில்லை.

"முழுக்கட்டைதான ஹில்மார் அண்ணே. ஊத்தினா என்ன ஆயிடும்?"

ஹில்மார் தன் கையையே பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. பிறகு மெதுவாக எடுத்தார். எல்டா கெண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. காலிக் கெண்டி.

கீழே வைத்துவிட்டு, திருகாணியைச் சுழற்றி, எல்லார் கண் முன்னாலும் வளையத்தைக் கழற்றினாள். அடியில் மரத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு. நேர்த்தியான வேலை. அறுத்தவரும் கெட்டிக்காரர், ஒட்டியவரும் கெட்டிக்காரர். மூன்று தலைமுறைக் கேலி அந்தக் கோட்டில் உடைந்து கிடந்தது.

"நாங்க மெழுகு தேய்க்கிற வீடு," என்றாள் எல்டா. "அந்த வாசனை எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். இந்த வளையத்தச் சுத்திப் புதுசா மெழுகு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரொகேலியோ போட்ட எண்ணெய்க்கு மேல இருந்துச்சு. அப்ப சனிக்கிழமை தேய்ச்சது. சரி, யார் தேய்ப்பா? ரொகேலியோவுக்கு மெழுகுன்னா மெழுகுவத்திதான் தெரியும். மில்ட்டன் அண்ணன் கழுவியிருந்தா மெழுகு இல்லாமத்தான் கழுவியிருப்பாரு, முழுக்கட்டைக்கு எதுக்கு மெழுகுன்னு. இங்க இருக்கிற எவனும் அப்படித்தான் பண்ணியிருப்பான். வாங்கி வச்சிருந்த டெல்பர்ட்டுக்கே தெரியாது. இதுல அறுவாய் இருக்குன்னு தெரிஞ்ச ஆள் இந்த உலகத்துல ஒருத்தர்தான். அதனாலதான் அவர் வீட்டுல யாரும் இந்தக் கொட்டகைல துப்பாக்கி கழுவினதே இல்ல."

எல்லாரும் ஹில்மாரைப் பார்த்தார்கள். அவர் குனியவில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

கந்தூ ஒரு அடி முன்னால் வந்தார். "ஆளச் சுட்டுட்டு, பழிய அவன் மேல போட்டுட்டு, எதுக்குய்யா கழுவினீங்க? கழுவாம வச்சிருந்தா எங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காதே."

ஹில்மார் அவரை ஒரு சின்னப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மனுஷனச் சுட்டேன், ஆமா. அதுக்காக அந்தக் குழல் துருப்பிடிக்கட்டும்னு விடச் சொல்றியா?"

மீதியை அவரே சொன்னார், யாரும் கேட்கவில்லை. எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வாக்குச் சொல்லித்தான் டெல்பர்ட் அதை வாங்கினாராம். கிறிஸ்துமஸுக்கு மருமகனுக்குக் கொடுத்தபோதுகூட ஹில்மார் பொறுத்துக்கொண்டார். சனிக்கிழமை மதியம் தனியாகக் கூப்பிட்டு, கெஞ்சாத குறையாகக் கேட்டிருக்கிறார். டெல்பர்ட் தோளில் தட்டி, அது வெறும் இரும்புதானே ஹில்மார், கட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டால்தான் கண்ணாடி உட்காரும் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். கட்டையைக் கழற்றினால் அறுவாய் தெரியும். பட்டறைக்காரன் வாய் சும்மா இருக்குமா? ஓபாவின் பெயர் ஊர்ச் சிரிப்பாகிவிடும். டெல்பர்ட் செத்து, மருமகன் உள்ளே போய்விட்டால் துப்பாக்கி எப்படியும் ஒரு நாள் விலைக்கு வரும் என்று கணக்குப் போட்டார். சட்டத்திலிருந்து எடுத்தார், பெட்டியிலிருந்து ஒரு தோட்டா எடுத்தார், கல்சுவருக்குப் போனார். திரும்பி வந்து அடுப்படியிலேயே மெழுகு தேய்த்துக் கழுவிச் சட்டத்தில் சாய்த்து வைத்தார். வேறு துப்பாக்கியை எடுத்திருந்தால் பழி மருமகன் மேல் விழாதே என்றார்.

"ஒரு தோட்டா," என்றார். "சங்கத்து விதிய நான் மீறல."

வெர்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்டாவுக்கு முகம் சிவந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"அறுத்ததுல என்ன கேவலம் ஹில்மார்?" இந்தத் தடவை அண்ணே என்ற சொல் வரவில்லை. "உன் ஓபா சண்டைக்குப் போனாரு, உசுரோட வந்தாரு. பைக்குள்ள அடங்கணும்னு அறுத்தாரு. எங்க தாத்தாவும் அதத்தான் பண்ணாரு. மில்ட்டனோட தாத்தாவும் அதத்தான் பண்ணாரு. நாங்க மெழுகு தேய்ச்சுக்கிட்டுத் தல நிமிந்துதான் நடந்தோம். ஒரு ரம்பக் கோட்ட மறைக்கிறதுக்கு நீ ஒரு மனுஷனக் கொன்ன. ஒரு பாவமும் செய்யாதவன் தலைல அதக் கட்டப் பாத்த. கேவலம்னா அதுதான்."

ஹில்மார் தொப்பியை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டார். விலங்கு மாட்டக் கையை அவரே நீட்டினார். வாசலைத் தாண்டும்போது மட்டும் ஒரு தரம் நின்று, நீதிமன்றத்து அலமாரியில் வைத்தாலும் மாதம் ஒரு தடவை அந்தக் குழலுக்கு எண்ணெய் போடச் சொல்லு என்றார். எல்டா சரி என்று சொல்லவில்லை. ஆனால் போடுவாள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

கார் போன பிறகும் யாரும் கலையவில்லை. மில்ட்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு ரொகேலியோவின் முன்னால் போய் நின்றார். ரான் வீட்டில் யாரும் மன்னிப்புக் கேட்டுப் பழகியதில்லை. பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும், ஐந்து பேர்தான் இருக்கிறோம் என்றார்.

ரொகேலியோ அவரைப் பார்க்கவில்லை. வெர்லீனைப் பார்த்தான்.

அவள் நடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் கையில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை வாங்கி, தன் சட்டை ஓரத்தில் துடைத்து, அவன் முகத்தில் மாட்டிவிட்டாள்.

"முன்னால, வலது பக்கம்," என்றாள். "எங்க வீட்டுல அது மகன் பிடிக்கிற இடம். நான் உங்களச் சந்தேகப்பட்டேன். அதையும் சேத்துத் தூக்குங்க."

புதன்கிழமை ஊரே வந்திருந்தது. தேவாலயத்திலிருந்து கல்லறை மேடு வரை ஏற்றம், வழி முழுக்கச் சுண்ணாம்புக் கல். டெல்பர்ட் கனத்த மனிதர். சங்கத்தார் இரண்டு பக்கமும் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நின்றார்கள். முன்னால், வலது பக்கம் ரொகேலியோ வந்தபோது ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்தார்கள். எல்டா பின்னால் நடந்துகொண்டே பார்த்தாள். மற்ற ஐந்து பேரும் மேடு ஏறுவதற்குள் கை மாற்றினார்கள். ரொகேலியோ மாற்றவில்லை.